கீரைக்கார அக்கா குரலும் ஆடியோ பிளாக்கும்: பதிவில் ஒலி சேர்க்க நான் பயன்படுத்தியவை பற்றி

எங்கள் தெருவுக்குக் காலை 6.45 வாக்கில் கீரை விற்கிற அக்கா வருவார். அவர் கூவுவதை முதலில் எழுத்தில்தான் போட்டேன். "கீரே... ஏஏய்... அரக்கீர, சிறுகீர, பொன்னாங்கண்ணீஈ" என்று நாலைந்து புள்ளி வைத்து, நெடிலுக்குப் பக்கத்தில் இன்னொரு உயிரெழுத்தை ஒட்டி, என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். படித்த நண்பர் ஒருவர், "என்னப்பா, மாட்டுத்தாவணியில பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுற மாதிரி இருக்கே" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த அக்கா "கீரே" என்று எடுப்பது கீழே, அப்படியே மேலே கொண்டுபோய் நிறுத்தி, "பொன்னாங்கண்ணி"யில் மறுபடி இறக்கிவிடுவார், அதைப் புள்ளி வைத்து எழுதினால் யாருக்குப் புரியும்.

மதுரையில் தெருவில் வந்து விற்பவர்களின் கூவலைச் சேர்த்து என் இணையதளத்தில் போட்டு வருகிறேன். மூன்று வருடமாகிறது. கீரை, கோலமாவு, உப்பு, பழைய இரும்பு, விடியலில் வருகிற குடுகுடுப்பைக்காரர், ராத்திரி மணியடித்து வருகிற குல்ஃபி வண்டி, இப்படி ஓர் அறுபது பதிவு இருக்கும். "அந்த ஆடியோவை எப்படிப் போடுறீங்க, எதில ரெக்கார்டு பண்றீங்க, காசு ஆகுமா" என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய்விட்டது. அதனால் கையாண்டு பார்த்த எல்லாவற்றையும் பற்றி இங்கே ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரும் காசு கொடுக்கவில்லை, எல்லாம் நானே வாங்கியதும் இலவசமாகக் கிடைத்ததும்தான்.

முதலில் ஒரு பழைய கதை, அது தெரிந்தால்தான் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்று புரியும். 2009, 2010 வாக்கில் இதே மாதிரி கொஞ்சம் ஒலிப்பதிவுகள் போட்டிருந்தேன். அப்போது இலவசமாக ஆடியோ ஏற்றிக்கொள்ள ஒரு தளம் இருந்தது, பேர் வேண்டாம். ஃபைலை அங்கே ஏற்றிவிட்டு, அவர்கள் கொடுக்கிற குறியீட்டை வெட்டி நம் பதிவில் ஒட்டினால் ஒரு சின்ன பிளேயர் வரும். ரொம்ப வசதி. ஒருநாள் அந்தத் தளம் மூடிவிட்டது. மின்னஞ்சல் அனுப்பியிருப்பார்கள் போல, நான் பார்க்கவில்லை. என் பதிவுகளில் பிளேயர் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுப் பெட்டி மட்டும் நின்றது. மிச்சமிருந்த சில பதிவுகளில் ஃபிளாஷ் பிளேயர் வைத்திருந்தேன், 2020 டிசம்பர் 31ஓடு அடோபி ஃபிளாஷையே நிறுத்தியபோது அதுவும் போயிற்று. போனவற்றில் ஒன்று அம்மி கொத்துகிற பெரியவருடையது. "அம்மி கொத்தலையோ அம்மீ... ஆட்டுரல் கொத்தலையோ" என்பார், "ரல்" என்ற இடத்தில் குரல் லேசாகப் பிசிறும். மூலப் பதிவு இருந்த மெமரி கார்டில் பிறகு கல்யாண போட்டோ ஏற்றிவிட்டோம். அவர் இப்போது வருவதில்லை. கொத்துவதற்கு அம்மியும் எத்தனை வீட்டில் இருக்கிறது.

அதனால் நான் எதைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வி, இந்தக் கம்பெனி நாளைக்குக் கடையைக் கட்டினால் என் ஒலி என்னாகும் என்பதுதான். வேவ்ஃபார்ம் என்கிற ஒலி அலைப் படம் அழகாக இருக்கிறதா, பட்டன் என்ன கலர் என்பதெல்லாம் அப்புறம்.

பதிவு செய்வதிலிருந்து வருகிறேன். பலரும் நினைக்கிற மாதிரி இதற்குப் பெரிய மைக் எதுவும் வேண்டாம். கையில் இருக்கிற போன் போதும். ஆனால் போனோடு வருகிற ரெக்கார்டரின் செட்டிங்கை ஒருமுறை திறந்து பாருங்கள். சில போன்களில் ஏஎம்ஆர் என்ற வகையில் சேமிக்கும்படி வைத்திருப்பார்கள், அது போன் பேச்சுக்காகச் செய்தது, வினாடிக்கு 8000 மாதிரிதான் எடுக்கும், கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். வேவ் அல்லது எம்4ஏ என்று மாற்றிக்கொள்ளுங்கள். நான் ஈஸி வாய்ஸ் ரெக்கார்டர் என்ற செயலியை வைத்திருக்கிறேன், அதில் வேவ் எடுக்கலாம், பெரிய சிவப்புப் பட்டன், ஒரு தொடலில் ஓட ஆரம்பித்துவிடும். தெருவில் சைக்கிள் போய்க்கொண்டே இருக்கும்போது மெனுவைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது இல்லையா, அதற்காகவே இதற்கு முழு மார்க்.

சட்டையில் குத்துகிற சின்ன மைக்கும் ஒன்று இருக்கிறது, போயா பிஒய்-எம்1. யூடியூப் செய்கிறவர்கள் பாதிப்பேர் கையில் இருக்கிற அதே ஐட்டம்தான். உட்கார வைத்துப் பேச்சு எடுக்க அருமை, குரல் பக்கத்தில் வந்து நிற்கும். இதன் வயர் 6 மீட்டர், மொட்டை மாடியில் துணியே காயப்போடலாம். நடந்துபோய்க்கொண்டே கூவுகிறவரிடம் அதைக் குத்திவிட்டுப் பின்னாலேயே ஓட முடியாது, அதனால் கூவலுக்குப் போன்தான். கூவல் என்பதே பத்து வீட்டுக்குக் கேட்கச் செய்கிற சத்தம், அதை வாய்க்கு நாலு அங்குலத்தில் வைத்து எடுத்தால் பிளந்துதான் போகும். ஐந்தாறு அடி தள்ளி நின்று எடுத்தால் நன்றாக வருகிறது, தெருவின் சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலியும் சேர்ந்துகொள்ளும்.

காற்றுதான் உண்மையான எதிரி. காதுக்கு ஒன்றுமே தெரியாது, இதமாகத்தான் வீசும், வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் லாரி ஏறி இறங்குகிற மாதிரி தடதடவென்று இருக்கும். ஆடி மாதத்தில் எடுத்ததில் பாதியைத் தூக்கிப் போட்டேன். மைக்குக்கு மாட்டுகிற முடி வைத்த உறை கடையில் கிடைக்கிறது, ஆனால் போனின் அடிப்பகுதியில் அதை எங்கே மாட்டுவது. ஒரு பழைய காட்டன் கைக்குட்டையை ஒற்றை மடிப்பாகப் போட்டு மைக் ஓட்டை மேல் தளர்வாகச் சுற்றி, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் முக்கால்வாசி சரியாகிவிடுகிறது. கெட்டியான துண்டைச் சுற்றாதீர்கள், குரலும் சேர்ந்து அமுங்கிவிடும்.

இன்னொன்று, கேட்டுவிட்டு எடுங்கள். நான் முதல் ஒன்றிரண்டை மாடியிலிருந்து ஒளிந்து நின்று எடுத்தேன், நன்றாகத்தான் வந்தது, ஆனால் போட மனசு வரவில்லை. பழைய இரும்பு எடுக்கிற அண்ணன் ஒருவரிடம் கேட்டபோது, "நெட்டுல போட்டா வரி கிரி கேட்டு ஆள் வருவாகளா சார்" என்றார். வரமாட்டார்கள் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அவர் குரல் தளத்தில் இல்லை. அது அவர் இஷ்டம்.

இனி வெட்டி ஒட்டுவது. இதற்கு ஆடசிட்டி. இதைவிட நல்லது இருக்கலாம், எனக்குத் தேவைப்படவில்லை. 2000இல் வெளிவந்த மென்பொருள், அன்றிலிருந்து இன்றுவரை இலவசம், கம்ப்யூட்டர் பழசாக இருந்தாலும் ஓடும். முன்பெல்லாம் எம்பி3 ஆக மாற்ற லேம் என்று ஒரு துணை ஃபைலைத் தனியாகத் தேடி இறக்கிப் பொருத்த வேண்டும், அந்தத் தேடலில் எத்தனை பேர் வைரஸை இறக்கிக்கொண்டார்களோ. எம்பி3 காப்புரிமை எல்லாம் 2017இல் முடிந்துவிட்டதால் இப்போது அது உள்ளேயே வருகிறது. முகப்பு அழகு இல்லைதான், முதல் நாள் திறந்தால் மின்வாரிய பேனல் மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், நமக்கு வேண்டியது நாலே பட்டன்.

நான் செய்வது இவ்வளவுதான். முன்னும் பின்னும் இருக்கிற வெற்று நேரத்தை வெட்டுவேன், ஆனால் ஒட்ட வெட்டமாட்டேன், ஒரு வினாடி விடுவேன், இல்லையென்றால் யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி தொடங்கும். ஹை-பாஸ் ஃபில்டரை 100 ஹெர்ட்ஸில் வைத்து ஒருமுறை ஓட்டுவேன், காற்றின் அடித்தடதடப்பும் தூரத்து பஸ்ஸின் உறுமலும் குறையும். பிறகு எல்லாப் பதிவின் சத்தத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிற லவுட்னெஸ் நார்மலைசேஷனில் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கிற அலகு), பாட்காஸ்ட்காரர்கள் புழங்குகிற அளவு அது. இதைச் செய்யாவிட்டால் ஒரு பதிவில் கீரைக்கார அக்கா கிசுகிசுப்பார், அடுத்த பதிவில் உப்பு வண்டி ஸ்பீக்கர் கேட்பவரின் காதைக் கிழிக்கும்.

இரைச்சல் நீக்குகிற வசதியும் ஆடசிட்டியில் உண்டு. யாரும் பேசாத இரண்டு மூன்று வினாடியைத் தேர்ந்து, இதுதான் இரைச்சல் என்று காட்டிக் கொடுத்துவிட்டு, முழுப் பதிவின் மேலும் ஓட்டினால் துடைத்துவிடும். அறைக்குள் எடுத்த பேச்சுக்கு மின்விசிறிச் சத்தம் போக அருமையாக வேலை செய்கிறது. அளவு கூடினால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகும், அதனால் கொஞ்சமாக. தெருக்கூவலுக்கு மட்டும் இதை நான் தொடுவதே இல்லை. ஒருமுறை கோலமாவுக்காரர் குரலை நன்றாகத் துடைத்துப் பளபளவென்று போட்டேன். காக்கா இல்லை, எதிர்வீட்டுக் குக்கர் விசில் இல்லை, சைக்கிள் செயின் கறகறப்பு இல்லை, அவர் எங்கோ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று மாவு விற்கிற மாதிரி இருந்தது. மறுநாளே எடுத்துவிட்டுப் பழையதையே போட்டேன். இந்த மாதிரிப் பதிவில் இரைச்சலும் சரக்குதான்.

ஃபைல் எவ்வளவு பெரிசு என்று கேட்டால், வேவில் ஒற்றைச் சேனலாக எடுத்தாலே நிமிடத்துக்கு 5 மெகாபைட்டுக்கு மேல் வரும். அதை அப்படியே பதிவில் போட்டால் படிப்பவரின் நெட் பேக்கைக் காலி செய்த பாவம் நமக்கு. பேச்சுக்கும் கூவலுக்கும் மோனோ, 64 கேபிபிஎஸ் எம்பி3 போதும், நிமிடத்துக்கு அரை மெகாபைட்கூட வராது. 40 வினாடிக் கூவல் 320 கிலோபைட்டில் முடிந்துவிடும், பக்கத்தில் போடுகிற போட்டோ அதைவிடப் பெரிதாக இருக்கும். நாதஸ்வரம், மேளம் மாதிரி என்றால் ஸ்டீரியோ 128க்குப் போங்கள். வேவ் மூலத்தை மட்டும் அழிக்காதீர்கள். (மெமரி கார்டில் கல்யாண போட்டோவும் ஏற்றாதீர்கள்.)

வாட்ஸ்அப்பில் வந்த வாய்ஸ் மெசேஜை அப்படியே பதிவில் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது ஓபஸ் என்ற வகை, அளவில் சின்னது, தரமும் பரவாயில்லை, ஆனால் பழைய ஐபோன்களின் சஃபாரியில் அந்த ஃபைல் ஓடாது. எம்பி3 ஆக மாற்றிவிட்டுப் போடுங்கள். யாராவது உங்களுக்காகப் பதிவு செய்து அனுப்புவதானால், ரெக்கார்டரில் எடுத்து டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது ஃபைல் கசங்காமல் வரும்.

இனி முக்கியமான இடம், தளத்தில் ஏற்றுவது. என் தளம் சொந்த டொமைனில், காசு கொடுத்து எடுத்த ஹோஸ்டிங்கில், வேர்ட்பிரஸ் என்ற பதிவு எழுதும் மென்பொருளில் இருக்கிறது. முதல் 12 நிமிட உரையாடலை ஏற்றப் போனபோது, அதிகபட்சம் 2 மெகாபைட்தான் என்று நின்றுவிட்டது. என் ஃபைல் 6க்குக் கொஞ்சம் கீழே. ஹோஸ்டிங் கம்பெனியின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். மூன்று நாள் கழித்து, மேல் திட்டத்துக்கு மாறினால் சரியாகும், வருடத்துக்கு இவ்வளவு கூட ஆகும் என்று பதில் வந்தது. கம்ப்யூட்டர் படித்த மைத்துனன் வந்து பார்த்துச் சிரித்தான். அந்த 2 மெகாபைட் என்பது வேர்ட்பிரஸ் ஓடுகிற பிஎச்பி மொழியோடு பிறந்த இயல்பு அளவாம். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கிற சிபேனலுக்குள் மல்டிபிஎச்பி ஐஎன்ஐ எடிட்டர் என்று ஒன்று இருக்கிறது, அதில் அப்லோட் அளவையும் போஸ்ட் அளவையும் 32 என்று மாற்றினான், இரண்டு நிமிட வேலை, பைசா செலவில்லை. உங்களுக்கும் இந்தத் தடை வந்தால் திட்டத்தை மாற்றுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள், அல்லது தெரிந்தவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தத் தடை நீங்கியபின் வேர்ட்பிரஸ் ஆடியோ பிளாக்கில், அதாவது பதிவுக்குள் ஒலி செருகுகிற பெட்டியில், சொல்வதற்குக் குறை அதிகமில்லை. பிளஸ் குறியை அழுத்தி ஆடியோவைத் தேர்ந்து ஃபைலை இழுத்துப் போட வேண்டியதுதான், பிளேயர் வந்து உட்கார்ந்துவிடும். கீழே குறிப்பு எழுத ஓர் இடம் இருக்கிறது, நான் அங்கே தேதி, நேரம், எந்தத் தெரு என்று எழுதிவிடுவேன். 2013இல் வந்த 3.6 பதிப்பிலிருந்தே வேர்ட்பிரஸ்ஸுக்குள் ஆடியோ பிளேயர் இருக்கிறது, பழைய எடிட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் எம்பி3 முகவரியைத் தனி வரியில் ஒட்டினாலே போதும். தனியாக பிளக்இன் என்கிற துணை மென்பொருள் எதுவும் வேண்டாம். இது தெரியாமல் நான் இரண்டு பிளக்இன் போட்டுப் பார்த்து, ஒன்று தளத்தையே மந்தமாக்கி, எடுத்துவிட்டேன்.

பிளாக்கின் வலப்பக்க செட்டிங்கில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஆட்டோபிளேயை ஆன் செய்யாதீர்கள். ஆபீசில் உட்கார்ந்து திருட்டுத்தனமாகப் படிக்கிறவர் பக்கத்தைத் திறந்ததும் "பழைய இரும்பு, பிளாஸ்டிக், ஈயம், பித்தளே" என்று அலறினால் அவர் மறுபடி வருவாரா. குரோம் 2018இலிருந்தே இந்த மாதிரித் தானாக ஓடுவதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது, நல்லது செய்தார்கள். அடுத்தது ப்ரீலோட். ஒரே பக்கத்தில் எட்டு ஒலி வைத்தால், ஆட்டோ என்று இருக்கும்போது கேட்காத ஒலியையும் உலாவி முன்கூட்டியே இறக்கக்கூடும். மெட்டாடேட்டா என்று வைத்தால் நீளம் மட்டும் தெரியும், அழுத்தினால்தான் மற்றது இறங்கும். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

குறை என்றால், பிளேயரின் தோற்றம் அந்தந்த உலாவியுடையது. குரோமில் ஒரு மாதிரி, ஃபயர்பாக்ஸில் ஒரு மாதிரி, ஐபோனில் வேறு. எனக்குக் கவலையில்லை, அழகு பார்க்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். மின்னஞ்சலில் பதிவைப் பெறுகிறவர்களுக்கு ஜிமெயிலில் பிளேயர் வராது. "ஒலி எங்கே" என்று நாலு பேர் கேட்ட பிறகு ஒவ்வொரு பிளேயருக்குக் கீழும் "மின்னஞ்சலில் படிப்பவர்கள் இங்கே தொட்டுக் கேட்கவும்" என்று ஒரு சுட்டியும் சேர்த்துவிட்டேன். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

சவுண்ட்கிளவுட்டையும் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். அந்த அலை வடிவப் பிளேயர் அழகுதான், அதைவிட எனக்குப் பிடித்தது, கேட்பவர் குறிப்பிட்ட வினாடியிலேயே கருத்து எழுதலாம் என்பது. குடுகுடுப்பைக்காரர் பதிவில் "நல்ல காலம் பொறக்குது" என்பதற்கு அடுத்து ஒரு நாய் குரைக்கும், சரியாக அந்த இடத்தில் ஒருவர் "எங்க தெரு நாயும் இதே சுருதி" என்று எழுதியிருந்தார். வேறெங்கும் இந்தச் சுகம் கிடைக்காது. ஆனால் இலவசக் கணக்கில் மொத்தம் இத்தனை நேரம்தான் ஏற்றலாம் என்று வரம்பு உண்டு, சேகரிப்பு வளர வளர மாதச் சந்தாவில்தான் போய் நிற்கும். பாட்டு, இசை செய்கிறவர்களுக்குச் சரி. எனக்கு வேண்டாம்.

யூடியூபில் ஒரே படத்தை நிறுத்தி வைத்துப் பின்னால் ஆடியோவை ஓட்டி, அதைப் பதிவில் ஒட்டுவது நம் ஊரில் பலரும் செய்வது. கேட்பவர் நிறையப் பேர் கிடைப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் 40 வினாடிக் கூவலுக்கு முன்னால் விளம்பரம், முடிந்ததும் வேறு எதையோ பார்க்கச் சொல்லும், பிரீமியம் இல்லாமல் திரையை அணைத்தால் நின்றுவிடும். ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ், அதாவது முன்பு ஆங்கர் என்று இருந்தது, வாரம் ஒரு நிகழ்ச்சி என்று பாட்காஸ்ட் நடத்துகிறவர்களுக்கு நல்ல இலவச வசதி, பதிவுக்கு நடுவே துண்டு துண்டாகக் குரல் செருக நினைப்பவர்களுக்கு அது பிரியாணி அண்டாவில் ரசம் வைக்கிற கதை. கூகுள் டிரைவ் நாலு பேருக்குப் பகிர நல்லது, பதிவில் பொருத்துவதற்கு என்று செய்ததல்ல.

கடைசியில் நான் போய்ச் சேர்ந்த இடம் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம். 1996இல் புரூஸ்டர் கேல் தொடங்கியது, லாப நோக்கமில்லாத அமைப்பு, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் இருக்கிறது. கணக்கு இலவசம், ஏற்றுவது இலவசம், விளம்பரம் கிடையாது. வேவ் அல்லது ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய வகை) மூலத்தையே ஏற்றலாம், கொஞ்ச நேரம் கழித்து எம்பி3 பிரதியை அதுவே செய்து வைத்துவிடும். எந்த உரிமத்தில் விடுகிறோம் என்று, மற்றவர்கள் பயன்படுத்த அனுமதி தருகிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். தலைப்பு, விவரம், குறிச்சொல் எல்லாம் தமிழிலேயே எழுதலாம். ஏற்றும்போது முகவரியில் வரும் பெயரை மட்டும் யோசித்து வையுங்கள், ஒருமுறை வைத்தால் மாற்ற முடியாது. நான் அவசரத்தில் என் முதல் பதிவுக்கு "டெஸ்ட்" என்று தொடங்குகிற பேரை வைத்துவிட்டேன், காலத்துக்கும் அது அப்படித்தான்.

வேகம் சுமார்தான், ஏற்றுவதற்குப் பொறுமை வேண்டும். சாகாவரம் பெற்றதும் இல்லை. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலில் தளமே சில நாள் முடங்கியது, 3 கோடிக்கும் மேலான கணக்குகளின் விவரம் கசிந்தது, அதை நம்பி ஒலி பொருத்தியிருந்த பக்கங்கள் எல்லாம் அந்த நாட்களில் ஊமை. அதனால் நான் இப்படி வைத்திருக்கிறேன்: வேவ் மூலம் ஆர்க்கைவில் ஒன்று, வீட்டு ஹார்டுடிஸ்கில் ஒன்று. சின்ன எம்பி3 என் தளத்திலேயே. எது படுத்தாலும் இன்னொன்று எழுந்து நிற்கும். சொந்த ஹோஸ்டிங் இல்லாமல் கூகுளின் இலவச பிளாக்கரில் எழுதுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. பிளாக்கர் எடிட்டரில் ஆடியோ ஏற்றுகிற பட்டனே கிடையாது, ஆனால் ஆர்க்கைவில் ஏற்றிவிட்டு அந்தப் பக்கம் தருகிற எம்பெட் குறியீட்டை எச்டிஎம்எல் பார்வையில் ஒட்டினால் பிளேயர் வந்துவிடும். பைசா செலவில்லாத வழி இதுதான், எழுதத் தொடங்குகிற யாருக்கும் நான் முதலில் சொல்வதும் இதுதான்.

ஒலி போட்டாயிற்று என்று எழுத்தை விட்டுவிடக்கூடாது என்பதைத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். காது சரியாகக் கேட்காத வாசகர் ஒருவர், "உங்கள் பதிவில் படமும் ஒரு கறுப்புக் கோடும்தான் எனக்குத் தெரிகிறது, என்ன சொல்கிறார்கள் என்று எழுதக்கூடாதா" என்று கேட்டார். வெட்கமாகிவிட்டது. தேடுபொறிக்கும் அந்தக் கோடு வெறும் கோடுதான், உள்ளே கோலமாவு இருக்கிறதா கடப்பாரை இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இப்போது ஒவ்வொரு ஒலிக்கும் கீழே வார்த்தைகளை எழுதிவிடுகிறேன். வேலையைக் குறைக்கலாம் என்று பேச்சை எழுத்தாக்குகிற செயலி ஒன்றில் போட்டுப் பார்த்தேன். உட்கார்ந்து பேசிய பேச்சை ஓரளவு சரியாகவே எழுதியது. கூவலைக் கொடுத்தால் "கோலமாவேய்" என்பதை "கோழி மாமாவே" என்று எழுதித் தந்தது. வீட்டில் இரண்டு நாள் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். கையால்தான் எழுதுகிறேன்.

செலவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மைக்குக்கு அப்போது ஆயிரம் ரூபாய்க்குள் ஆயிற்று, கூவலுக்கு அதுவும் தேவையில்லை. ஹோஸ்டிங் வருடக் கட்டணம், அது ஒலி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டியதுதான். மற்றதெல்லாம் இலவசம். நேரம் மட்டும் ஆகும், ஒரு 40 வினாடிப் பதிவுக்கு எடுத்து, வெட்டி, மூன்று இடத்தில் வைத்து, எழுதி முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது. ஸ்பீக்கர் கட்டி வருகிற வண்டிகள் பெருகிவிட்டதால் அதில் ஓடுகிற ஒரே ரெக்கார்டிங்கைத்தான் ஊர் முழுக்கக் கேட்கிறோம், அவற்றை எடுப்பதில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை, ஏற்கெனவே யாரோ பதிவு செய்ததை நான் வேறு எதற்கு.

கீரைக்கார அக்காவிடம் போன மாதம் பதிவைத் திறந்து காட்டினேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு இரண்டு தடவை கேட்டார். "ஏந்தம்பி, எம்புட்டுக் கத்துறேன் பாரு, இதக் கேட்டா எவ கீர வாங்குவா" என்றார். பிறகு, "இது எப்ப எடுத்த?" என்று கேட்டார். மார்கழியில் என்றேன். "அதான். பனியில தொண்ட கட்டிக் கெடந்துச்சு. இத அழிச்சுப்புட்டு நாளைக்கு வேற எடு" என்றார். மறுநாள் வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்து, எங்கள் வாசலில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு கூவினார். எதிர்வீட்டில் இன்னும் கதவே திறக்கவில்லை. புதியதை மேலே போட்டிருக்கிறேன், மார்கழிக் குரலையும் அழிக்கவில்லை, கீழே இருக்கிறது, அதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.